பூவுக்கு அடையாளம் வைத்த குச்சிகள்

எனக்குக் கோவையாக எழுத வராதுங்க. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. உங்கள் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதுகிற அனுபவங்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேனே ஒழிய, நானே எழுதி அனுப்புவேன் என்று நினைத்ததில்லை. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னே பின்னே ஆகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஐப்பசியில் நடந்தது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் என் தம்பிக்குக் கொஞ்சம் மேய்ச்சல் காடு இருக்கிறது. காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். ஆடு மேய்வதற்கென்றே விட்டிருக்கிற நிலம். தம்பி மனைவி தன் மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போய்விட்டாள். தம்பிக்குச் சோறாக்கிப் போடவும், பகலில் செம்மறிகளைப் பார்த்துக்கொள்ளவும் நான் திருப்பூர் மண்ணரையிலிருந்து அங்கே போயிருந்தேன். மண்ணரையில் என் மகன் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறான். நான் இல்லாவிட்டாலும் அது ஓடும்.

ஒரு நாள் காலையில் ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தும்போது பார்க்கிறேன், காட்டின் நடுவில் ஒரு பெண் குப்புறக் கிடக்கிறாள். மருந்து கிருந்து குடித்துவிட்டதோ என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கிட்டே போனதும் அந்தப் பிள்ளை தலையைத் தூக்காமலே கையை மட்டும் நீட்டியது.

"ஆச்சி, அங்கனயே நில்லுங்க! மிதிச்சிராதீங்க!"

எதை மிதிக்கக் கூடாது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றேன். "பாம்பா சாமி?" என்றேன்.

"இல்லை ஆச்சி, பூ."

அப்புறம்தான் எழுந்து உட்கார்ந்து விவரம் சொன்னாள். கல்லூரியில் செடி கொடிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாளாம். அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கம். பிழைப்புக்குத் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் டைலராக இருக்கிறார்கள். கேட்டால் எங்கள் மண்ணரைக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தாளாம், யாரும் இல்லாததால் உள்ளே வந்துவிட்டாளாம். "தப்புன்னா போயிடறேன் ஆச்சி" என்றாள். பூப் பார்க்க வந்த பிள்ளையை எதற்குப் போகச் சொல்ல வேண்டும்? "இருந்து பாரு கண்ணு" என்றேன்.

அவள் காட்டின பிறகும் எனக்குப் பூ தெரியவில்லை. புல்லை விலக்கிக் காட்டினாள். ரெண்டு வெற்றிலையை மண்ணோடு மண்ணாக ஒட்டி வைத்த மாதிரி தரையில் ரெண்டு இலை. நடுவிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தண்டு. அதில் வெள்ளை வெள்ளையாகக் கொஞ்சம் பூ. நான் பிறந்து வளர்ந்த காடு அது. ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. என்ன பூ என்று கேட்டதற்கு ஆர்க்கிட் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் மேடையில் கட்டுகிற ஊதாப் பூவுக்குத்தானே அந்தப் பேர்? அது விமானத்தில் வருகிறது என்பார்கள். "அதே சாதிதான் ஆச்சி. இது மண்ணுல முளைக்குறது. நம்ம ஊருக்குச் சொந்தம்" என்றாள்.

நகைக் கடையில் கல் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தாள். நான் அதைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு நீங்க பூவுகிட்ட போவணும் ஆச்சி" என்றாள். மண்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். அவ்வளவு சின்னப் பூவுக்குள் அத்தனை வேலைப்பாடு. கீழ் இதழ் மூன்றாகப் பிரிந்திருந்தது. பூவுக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று தொங்கியது. அந்த வாலுக்குள்தான் தேன் இருக்குமாம்.

இதில் பார்வைக்கு ஒன்று போலவே ரெண்டு வகை உண்டாம். ஒன்றுக்குக் கீழ் இதழின் மூன்று பிரிவும் நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும், வால் குட்டை. இன்னொன்றுக்குப் பக்கத்துப் பிரிவு ரெண்டும் விசிறி மாதிரி அகலம், வால் நீளம். இங்கே நிற்பது எது, ரெண்டும் கலந்து நிற்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். முந்தின வருஷம் காய்ந்த செடியைப் படம் எடுத்துக் காட்டி, பூ இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம்.

"பறிச்சுக்கிட்டுப் போய்க் காட்டீட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

"மொத்தம் எத்தனை இருக்குன்னே தெரியாம எப்படிப் பறிக்க? பூக்குறதுல இருந்து காய் பிடிக்குற வரைக்கும் ஒவ்வொரு செடியையும் வந்து வந்து படம் எடுக்கணும் ஆச்சி. இந்த மழைக்கு விட்டா அடுத்த மழைக்குத்தான்."

அவளுக்கு இருந்த கஷ்டம், அடுத்த தடவை வரும்போது அதே செடியைக் கண்டுபிடிப்பது. குச்சி நட்டு வெள்ளை நூல் கட்டி வைத்திருந்தாள். நூலைச் செம்மறி தின்றுவிடும், குச்சி புல்லோடு புல்லாகப் போய்விடும். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் எங்கே போனாலும் ஒரு பை பனியன் கட்டிங் வேஸ்ட், வெட்டி மிஞ்சின துண்டுத் துணி, எடுத்துப் போவது வழக்கம். சட்டி இறக்க, கை துடைக்க, எல்லாவற்றுக்கும் ஆகும். அந்தத் தடவை மகன் யூனிட்டில் கண்ணைப் பறிக்கிற சிவப்பில் ஒரு ஆர்டர் ஓடியது. பை நிறைய அந்தச் சிவப்பு. மத்தியானம் உட்கார்ந்து அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து, குச்சிகளில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒன்று நட்டாள்.

அந்தச் செடி காடு முழுக்க இல்லை. மழைத் தண்ணீர் ஓடின தடத்தை ஒட்டித்தான் நின்றது. அதனால் சிவப்புக் குச்சிகள் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையாக, மேற்கு வேலியிலிருந்து கிழக்கு வேலி வரைக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் கிணற்றை நோக்கிப் போயின. எட்ட நின்று பார்த்துவிட்டு, பரவாயில்லை, ரோட்டிலிருந்தே தெரிகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லைங்க. அவன் விடிந்தால் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவான், அப்புறம் தோட்டத்து வேலை, பொழுது சாய வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவான். பொதுவாகவே நான் கேட்டால் பதில் சொல்வேனே தவிர, நானாக எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு பூவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் அக்கம்பக்கமெல்லாம் ஒரே பேச்சு. பெரிய கரண்டு டவர் லைன் ஒன்று எங்கள் பக்கமாக வரப்போகிறது, அளக்க ஆள் வரும், குச்சி நடுவார்கள், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று. என் காதிலும் அது விழுந்துதான் இருந்தது. ரெண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தாள். நான் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்று, ரெண்டு என்று நாலைந்து வண்டி. போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளையைச் சுற்றி ஆண்கள் கூட்டம். பக்கத்துக் காட்டுக்காரர்தான் முன்னால் நிற்கிறார். தம்பியும் இருக்கிறான். அவனுக்கும் போன் போட்டு வரவழைத்திருக்கிறார்கள். ஒருத்தர் குச்சியெல்லாம் பிடுங்கிக் கைநிறைய வைத்திருக்கிறார்.

"எந்த ஆபீஸ் அம்மிணி? ஆரு அனுப்புனது?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார்.

"ஆபீஸ் இல்லை அண்ணாச்சி, காலேஜ். இந்தா ஐடி கார்டு."

"அண்ணாச்சியா? நானென்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்? பேச்சைப் பாத்தாலே தெரியுது நம்ம பக்கம் இல்லைன்னு. டவரு தாண்டிப் போன ஊர்லயும் மொதல்ல வந்தவன் காலேஜுன்னுதான் சொன்னானாமா. அப்பறம் குச்சி நட்ட எடமெல்லாம் குழி தோண்டிப்போட்டான்."

அவள் போன் அதற்குள் பக்கத்துக் காட்டுக்காரர் கைக்குப் போயிருந்தது. அதில் பூப் படம்தானே இருக்கும், பார்த்தால் தெரிந்துபோகுமே என்று நினைத்தேன். ஆனால் பூ எந்த மாதிரி இடத்தில் முளைக்கிறது என்று காட்டுவதற்காக அவள் காட்டையும் வேலியையும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறாள். அதில் அவர் கிணறும் வந்துவிட்டது.

"இது என்ற கெணறு! என்ற கெணத்த எதுக்குப் புள்ள போட்டோ புடிச்சே? நடுநடுவுல நாலு பூவப் போட்டு வெச்சா நாங்க நம்பிப்போட்டுப் போயிருவமா? அத்தனையும் அழி. இல்லீன்னா நான் அழிக்கறேன்."

"அண்ணாச்சி, வேண்டாம், இந்தப் பருவத்துல எடுத்தது மொத்தமும் அதுலதான் இருக்கு, திரும்ப எடுக்க முடியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் விரல் போனுக்கு மேலேயே நின்றது. அழிக்கத் தெரியாமல் யாரிடமோ எப்படி என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் போயிருக்கும்.

நான் வேல மரத்துக்குப் பின்னால் நிற்கிறேன். ஆம்பளைகள் கூடின இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லைங்க. என் மகனுக்குக் கல்யாணம் பேசினபோதுகூடத் தம்பிதான் பேசினான். "அது பூவுக்கு வெச்சதுங்க" என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். ஒருத்தரும் திரும்பவில்லை. அப்புறம் எப்படிப் போனேனோ தெரியாது, நேராகப் போய் அந்த ஆள் கையிலிருந்த குச்சிகளைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்ற துணிங்க. குடுங்க."

அப்போதுதான் எல்லாரும் திரும்பினார்கள். தம்பி என்னையே பார்த்தான்.

"அக்கா, உங்க துணியா?"

"என்ற மகன் யூனிட்டுக் கட்டிங் வேஸ்ட்டு தம்பி. நாந்தான் கிழிச்சுக் கட்டிக் குடுத்தேன். பூவுக்கு அடையாளம். இந்தப் புள்ள பூப் பாக்க வந்ததுங்க. உள்ள உட்டது நான்."

பின்னால் ஒருத்தர் சிரித்தார். "பூவாமா பூவு! கொழுக்கட்டைப் புல்லுத் தவிர இங்கென்ன பூத்துக் குலுங்குது? அக்காளையும் ஏமாத்திப் போட்டுது."

"எங்கீங்க பூவு? காட்டுங்க பாக்கலாம்" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

காட்டப் போனால் குச்சி இல்லை. குச்சி இல்லாமல் எனக்குச் செடி தெரியாது. அவர்கள் நடந்து நடந்து புல்லெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. மண்டி போட்டுக் கையால் துழாவினேன். நசுங்கின தண்டு ஒன்று கிடைத்தது, அதில் பூ இல்லை. மேலே நின்று எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, இருந்த பார்வையும் மங்கிவிட்டது. அந்தப் பிள்ளையும் பக்கத்தில் வந்து மண்டி போட்டது. ரெண்டு இலையைத் தேடுங்க ஆச்சி, பூவைத் தேடாதீங்க என்று மெதுவாகச் சொன்னது. அது சொன்ன மாதிரி தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கிடைத்தது. மண்ணோடு ஒட்டின ரெண்டு இலை. ஒன்று முழுசாகத் தெரிகிறது, இன்னொன்றின் பாதி பக்கத்துக் காட்டுக்காரர் செருப்புக்கு அடியில்.

"ஏனுங்க, சித்த காலை எடுங்க."

காலைத் தூக்கினவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றார். "ஆடாதீங்கப்பா, அப்பறம் அதுக்கு மேலயே உளுந்துருவீங்க" என்று ஒருத்தர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கே லேசாக வந்தது.

தண்டு சாய்ந்திருந்தாலும் பூ நல்லபடியாக இருந்தது. முதலில் தம்பிதான் குனிந்தான். கண்ணாடியை நான் பிடித்த மாதிரியே தப்பாகப் பிடித்தான். கண்ணோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "ஏனுங்க்கா, இதையுமா நம்ம செம்மறி மேஞ்சுபோட்டுப் போகுது?" என்றான்.

இதழையும் வாலையும் அவள் விவரம் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் கடைசியில்தான் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "சரி, பூவுதான்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "கெணத்துப் போட்டோவ மட்டும் அழிச்சுரு அம்மிணி. நாளைக்கு அது ஆரு கைக்குப் போகும்னு தெரியாது" என்றார். அவர் பயம் அவருக்கு. அவள் அவர் கண் முன்னாலேயே அதை அழித்தாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பிள்ளை அழுதது. போன் கிடைத்தும் எதற்கு அழுகை என்று அவர்களுக்குப் புரியவில்லை. குச்சியைப் பிடுங்கிவிட்டதால் எந்தச் செடி எங்கே என்று இனி தெரியாதே என்று நான்தான் சொன்னேன். தம்பி என் கையிலிருந்து நாலு குச்சியை வாங்கிக்கொண்டு குனிந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும். அந்த மத்தியான வெயிலில், விழுந்த தோட்டுத் திருகாணியைத் தேடுகிற மாதிரி அத்தனை ஆம்பளைகளும் புல்லை விலக்கி விலக்கித் தேடினதை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். "இது இல்லை அண்ணாச்சி, இது வேற செடி" என்று அவள் ஓடி ஓடிப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். நசுங்கிப் போனது போனதுதான். மீதி எல்லாவற்றுக்கும் குச்சி நட்டார்கள்.

ராத்திரிச் சோறு போடும்போது தம்பி கேட்டான். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க்கா?"

"நீங்க கேக்கலையே தம்பி" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பதில் என்று எனக்கே உறைத்தது.

சில நாள் கழித்து, பக்கத்துக் காட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். "அக்கா, அந்தப் புள்ள வந்தாச் சொல்லுங்க. எங்க காட்டுல ஒண்ணு நிக்குது. இதுக்கு வாலு நீளமாட்ட இருக்குது. ஆடு வாய் வெச்சரப்போகுதுன்னு முள்ளு வெட்டிப் போட்டிருக்கறேன்." அவள் வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தாள், சின்ன ஸ்கேலில் வாலை அளந்தாள். கீழ் இதழின் பக்கத்துப் பிரிவு ரெண்டும் விசிறி மாதிரி அகலமாகத்தான் இருந்தது. தம்பி காட்டில் நிற்பது குட்டை வால் வகை, வேலி தாண்டி நிற்பது நீள வால் வகை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முடிவாகத் தெரிந்தது. அவள் படம் எடுக்கும்போது அவர் பின்னாலேயே நின்றுகொண்டு, "கெணறு உளுகாமப் பாத்து எடு அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை முடிவதற்குள் செடியெல்லாம் காய்ந்து, அப்படி ஒன்று இருந்த தடமே தெரியவில்லை. மண்ணுக்குள் கிழங்கு இருக்குமாம், மழை வந்தால் வருமாம். நானும் மண்ணரைக்குத் திரும்பி வந்துவிட்டேன். இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அன்றைக்குப் பார்த்ததை, யார் வந்தார்கள் போனார்கள் என்பதை, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அத்தை இப்ப நல்லாப் பேசறாங்க என்று மருமகள் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும். என் பேச்சு யாருக்கு வேண்டும் என்று நான் சும்மா இருந்ததால்தான் ஒரு பிள்ளை அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் தனியாக நின்று நடுங்க வேண்டியதாகிவிட்டது.

அந்த ரெண்டு வகைக்கும் அவள் பேர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை, மறந்தும்விட்டது. குட்டை வாலுக்கு நூல் இதழ், நீள வாலுக்கு விசிறி இதழ் என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. செடி கொடி படித்தவர்கள் யாரிடமாவது காட்டி, தப்பிருந்தால் திருத்திப் போடுங்கள். தப்பாகச் சொன்னதை யாராவது திருத்திவிடலாம், சொல்லாமலே விட்டதை யார் வந்து திருத்துவார்கள் என்பதுதான் அந்த ஐப்பசிக்கு அப்புறம் என் மனசில் நிற்கிறது.